விலை ஏறும்போது ஏன் ஆலையை மூடுகிறார்கள்?

2022 ஆகஸ்ட் நடுவில் நெதர்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பூடல் என்ற ஊரில் நிர்ஸ்டார் நிறுவனம் நடத்தும் துத்தநாகச் சுத்திகரிப்பு ஆலையைச் செப்டம்பர் 1 முதல் நிறுத்தப்போகிறார்கள், மறுபடி எப்போது ஓடும் என்று தெரியாது என்றது அந்தச் செய்தி. ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் டன் துத்தநாகம் தரக்கூடிய ஆலை அது. அன்றைக்கு லண்டன் உலோகச் சந்தையில் துத்தநாகம் டன் 3,500 டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் 4,400 டாலரையும் தாண்டியிருந்தது. பங்குச் சந்தையை விடாமல் பார்க்கும் என் சித்தப்பா போன் போட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, நீ அந்த வேலை பார்த்தவன்தானே? சரக்கு விலை இந்த ஏறு ஏறிக் கிடக்கு. இந்த நேரத்துல போய் எவனாவது கடையைச் சாத்துவானா?"

"கரண்டு விலை சித்தப்பா" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். எனக்குத்தான் அது போதவில்லை. மின்சாரம் விலையேறியது உண்மை. உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் எரிவாயு விலையும் அதோடு சேர்ந்து மின்சார விலையும் எங்கேயோ போய்விட்டன. ஆனால் எந்தத் தொழிலிலும் செலவு கூடினால் அதை விலையில் ஏற்றிவிடுவார்கள். இங்கே விலையும்தான் ஏறியிருந்தது. ஏறிய விலை யார் கைக்குப் போனது? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் படித்துவிட்டு, வடக்கே ஒரு துத்தநாக ஆலையில் சில வருடங்கள் செல் ஹவுஸில் வேலை பார்த்தவன் நான். மின்பகுப்புத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் கூடத்தைத்தான் செல் ஹவுஸ் என்போம். அங்கே நிற்பவர்களுக்கு வோல்ட்டும் ஆம்பியரும் தெரியும், ஒப்பந்தங்கள் தெரியாது. ஆலையைவிட்டு வந்த பிறகுதான் அந்தக் கணக்குகளைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, உலகம் முழுக்க இந்த ஆலைகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்று தெரிந்தது. அது இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

கூலிக்கு அரைக்கும் தொழில்

சுரங்கத்திலிருந்து ஆலைக்கு உலோகம் வருவதில்லை. பாறையை மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்தெடுத்த கரும்பழுப்புத் தூள்தான் வருகிறது. அதில் பாதி துத்தநாகம், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கந்தகம், மீதி இரும்பும் ஈயமும் இன்னும் பலவும். கான்சென்ட்ரேட் என்றுதான் ஆலையில் எல்லோரும் சொல்வார்கள். ஐரோப்பா, ஜப்பான், கொரியா ஆலைகளில் பெரும்பாலானவை இந்தத் தூளை வெளிச் சுரங்கங்களிடமிருந்து வாங்குகின்றன. வாங்குகின்றன என்று சொல்கிறேனே தவிர, உள்ளே பார்த்தால் அது நம்மூர் ரைஸ் மில் ஏற்பாடுதான். நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் மில்காரருக்குக் கிடைப்பது அரவைக் கூலியும் தவிடும்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு டன் கான்சென்ட்ரேட்டில் 500 கிலோ துத்தநாகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஒப்பந்தப்படி அதில் 85 சதவீதத்துக்கு லண்டன் விலையில் ஆலை காசு கொடுக்கும். கூடவே, குறைந்தபட்சம் எட்டுப் புள்ளிகளாவது கழிக்க வேண்டும் என்று ஒரு விதி. 50 சதவீதத் தூளில் அந்த விதிதான் நிற்கும், 50-இல் எட்டுப் போக 42 சதவீதம், ஆக 420 கிலோவுக்குக் காசு. அந்தத் தொகையிலிருந்து சுத்திகரிப்புக் கூலி என்று டன்னுக்கு இவ்வளவு டாலர் எனப் பிடித்துக்கொள்வார்கள். ஒழுங்காக ஓடும் ஆலை அந்த 500 கிலோவில் 485 கிலோ வரை எடுத்துவிடும். காசு கொடுத்தது 420-க்கு, கையில் வந்தது 485. நடுவில் உள்ள 65 கிலோ ஆலைக்கு. தவிடு என்று நான் சொன்னதில் முதலாவது இதுதான்.

இப்போது 2022 ஆகஸ்டுக்கு வருவோம். அந்த வருட ஒப்பந்தக் கூலி கான்சென்ட்ரேட் டன்னுக்கு 230 டாலர். 65 கிலோ உபரி, 3,500 டாலர் விலையில் ஏறக்குறைய 227 டாலர். இரண்டும் சேர்ந்து 457. ஒரு டன் உலோகம் எடுக்க இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே தூள் வேண்டும் என்பதால், உலோகக் கணக்கில் டன்னுக்குச் சுமார் 940 டாலர். லண்டன் விலைக்கு மேல் கிடைக்கும் விற்பனை பிரீமியம், அமிலம் விற்ற காசு எல்லாம் தனி. சரி, செலவு? ஒரு டன் துத்தநாகத்துக்கு ஆலை முழுவதற்குமாக ஏறத்தாழ 4,000 யூனிட் மின்சாரம் போகும். யூனிட் 5 யூரோ சென்ட்டாக இருந்த காலத்தில் அது 200 யூரோ. 30 சென்ட் ஆனால் 1,200 யூரோ. அந்த ஆகஸ்டில் ஐரோப்பிய மொத்தச் சந்தை 30 சென்ட்டையும் தாண்டிப் போனது. சம்பளம், பராமரிப்பு, வட்டி எதையும் இன்னும் எழுதவே இல்லை, கணக்கு அதற்குள் நஷ்டத்தில் முடிகிறது. 3,500 டாலர் விலையில் பெரும்பங்கு ஆலைக்குள் நுழைந்து அப்படியே சுரங்கத்துக்குப் போய்விடுகிறது. சித்தப்பாவின் கேள்விக்குச் சரியான பதில் இதுதான்: சரக்கு விலை ஏறியது ஆலைக்காரனுக்கு அல்ல.

அந்தக் கூலியும் ஆலையின் கையில் இல்லை. பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை கனடாவின் டெக் போன்ற பெரிய சுரங்க நிறுவனமும் கொரியா ஸிங்க் போன்ற பெரிய சுத்திகரிப்பாளரும் உட்கார்ந்து ஓர் எண்ணுக்குச் சம்மதிப்பார்கள். மற்றவர்கள் அதை ஒட்டிக்கொள்வார்கள். 2020-இல் 300 டாலரை நெருங்கிய எண் 2021-இல் 159 ஆனது. 2023-இல் 274. 2024-இல் 165. 2025-இல் 80. கான்சென்ட்ரேட் தட்டுப்பாடு வந்தால் கூலி விழும், ஏராளமாகக் கிடைத்தால் ஏறும். மின்சாரம் என்ன விலை விற்கிறது என்பதற்கு இந்தப் பேச்சில் இடமே கிடையாது. எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். தூளை உலோகமாக்கும் வேலையில் பெரிய செலவு மின்சாரம். அந்த வேலைக்கான கூலி தீர்மானமாவதோ முழுக்க வேறொன்றை வைத்து.

இந்தியாவிலேயே இதன் இரண்டு முனைகளையும் பார்க்கலாம். ராஜஸ்தானில் ஹிந்துஸ்தான் ஸிங்க்குக்கு ராம்புரா அகுச்சா போன்ற சொந்தச் சுரங்கங்கள் உண்டு, சொந்த மின்நிலையங்களும் உண்டு. கூலி என்பது ஒரே வீட்டில் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும் பணம்தான். விலை ஏறினால் லாபம் முழுதும் வீட்டுக்கு. கேரளத்தில் ஆலுவா பக்கம் எடயாரில், பெரியாற்றங்கரையில், 1967-இல் கனடாவின் கொமின்கோவோடு கூட்டாகத் தொடங்கிய பினானி ஆலைக்குச் சுரங்கம் இல்லை. கான்சென்ட்ரேட் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வரும், மின்சாரம் மாநிலத் தொகுப்பிலிருந்து வரும். 2014-இல் அது நின்றது. இரண்டு இடத்திலும் வேதியியல் ஒன்றுதான்.

கரண்டு நின்ற இரவு

மின்சாரம் இந்தத் தொழிலில் வெறும் செலவுக் கணக்கு இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது ஓர் இரவு ஷிஃப்ட். அதைச் சொல்வதற்கு முன் செல் ஹவுஸை விவரிக்க வேண்டும். கான்சென்ட்ரேட்டை 900 டிகிரிக்கு மேல் வறுத்துக் கந்தகத்தை வாயுவாகப் பிரிப்பார்கள். மிஞ்சுகிற துத்தநாக ஆக்சைடை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். இரும்பைப் படியவைத்து வடிகட்டுவார்கள். பிறகு துத்தநாகத் தூளையே போட்டுத் தாமிரம், காட்மியம், கோபால்ட், நிக்கல் எல்லாவற்றையும் வெளியேற்றுவார்கள். கடைசியில் கண்ணாடிபோல் தெளிந்த கரைசல் செல் ஹவுஸுக்கு வரும். அங்கே நூற்றுக்கணக்கான தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும் அலுமினியத் தகடுகளும் மாறி மாறித் தொங்கும். ஈயத்தில் கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும். தொட்டிக்கு மூன்றேகால் வோல்ட்டுக்குப் பக்கம்தான், ஆனால் ஆம்பியர் ஆயிரக்கணக்கில். ஒரு நாள், இரண்டு நாள் ஓடினால் அலுமினியத்தின் மேல் சில மில்லிமீட்டர் தடிமனில் துத்தநாகம் பூத்திருக்கும். கிரேனால் தகடுகளைத் தூக்கி, உரித்தெடுத்து, உருக்கி, பாளமாக வார்த்து அனுப்புவார்கள். காற்றில் அமிலப் புகை தொண்டையை அரித்துக்கொண்டே இருக்கும். தூளை வறுக்கும் ரோஸ்டர் உலையின் சூடுகூடப் பழகிவிடும். இந்த அரிப்பு பழகவே இல்லை.

அந்த இரவில் எனக்கு மேல் ஷிஃப்ட் பார்த்தவர் நாகர்கோவில்காரர். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. நள்ளிரவுக்கு மேல் எங்கேயோ மின்தொகுப்பில் பழுதாகி, தொட்டிகளுக்கு நேர்மின்னோட்டம் தரும் ரெக்டிஃபையர் மொத்தமாக விழுந்தது. செல் ஹவுஸில் எப்போதும் ஒரு முரல் ஓசை இருக்கும், அது சட்டென்று நின்றது. கரண்டு போனால் வேலை நிற்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதுதான் யாருக்கும் தோன்றும். அண்ணாச்சி டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொட்டிக்கு என்னை இழுத்துப் போனார். தகடுகளின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. "பாத்தியா தம்பி? உருப்படி கரையுது. லிட்டருக்கு நூத்தம்பது கிராம் ஆசிட்டுக்குள்ள நிக்குது, சும்மா இருக்குமா? கரண்டு புடிச்சிக்கிட்டு இருந்த வரைக்கும் நின்னுது. விட்டா அது பாட்டுக்குத் திரும்பிப் போயிரும், பாத்துக்கோ."

அவசர ஜெனரேட்டரிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் கொடுத்து உலோகத்தைக் கரையாமல் பிடித்துவைக்க ஏற்பாடு இருந்தது. எல்லா வரிசைக்கும் அது வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் விசிறிகளும் நின்றுவிட்டன. குமிழியாக வருவது ஹைட்ரஜன், ஒரு பொறி பட்டால் போதும். மோட்டார் எதையும் தொடக்கூடாது, வெல்டிங் ஆட்கள் உடனே வெளியே போக வேண்டும், கதவு ஜன்னல் எல்லாம் திறக்க வேண்டும் என்று அண்ணாச்சி வரிசை வரிசையாக ஓடிச் சொல்லிக்கொண்டிருந்தார். எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை நான். மின்சாரம் திரும்பி, தகடுகளைத் தூக்கிப் பார்த்தபோது சில வரிசைகளில் உலோகம் புழு அரித்ததுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒரு நாள் உழைப்பில் ஒரு பகுதி கரைசலுக்கே திரும்பியிருந்தது. அதற்குச் செலவழித்த மின்சாரம் போனது போனதுதான்.

இதைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். காரைக்குடியில் கரும்பலகையில் எழுதிப் போட்டது இன்னும் நினைவிருக்கிறது. அமிலத்தில் மின்சாரம் பாய்ந்தால் முதலில் ஹைட்ரஜன்தான் வெளியேற வேண்டும். துத்தநாகம் வரிசையில் அதற்குப் பின்னால் நிற்பது. தூய துத்தநாகத்தின் பரப்பில் ஹைட்ரஜன் உருவாவதற்குத் தடை மிக அதிகம், அந்த ஒரு காரணத்தால்தான் உலோகம் படிகிறது. பரப்பில் கொஞ்சம் அசுத்தம் ஒட்டினாலும் தடை உடைந்துவிடும். ஹைட்ரஜன் பொங்கும், படிந்த உலோகம் கரையும். கரைசலைச் சுத்திகரிக்க அத்தனை கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். ஆனால் புத்தகத்தில் படிப்பதும் டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பதும் ஒன்றாகாது. ஒவ்வொரு விநாடியும் மின்சாரம் கொடுத்துப் பிடித்துவைத்திருக்கிற ஒரு பொருளைத்தான் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம் என்று அன்றைக்கு உடம்புக்குத் தெரிந்தது. ஒரு செங்கல் சூளைக்காரர் விறகு விலையேறினால் ஒரு மாதம் காத்திருக்கலாம், அடுக்கிய கல் அடுக்கியபடி இருக்கும். செல் ஹவுஸுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

பூடல் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அந்தத் தொட்டிகள்தான். பூடல் ஆட்கள் மின்சாரத்தோடு பழகத் தெரியாதவர்கள் இல்லை. விலை மலிந்த மணிகளில் சுமையைக் கூட்டி, விலை ஏறிய மணிகளில் குறைத்து, தொகுப்புக்கே ஒத்தாசையாக ஓட்டியவர்கள். நெதர்லாந்தின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கை உறிஞ்சும் ஆலையால் அப்படிச் செய்ய முடிவது பெரிய திறமை. ஆனால் மலிந்த மணி என்று ஒன்று இருந்தால்தானே அந்தத் திறமை உதவும்? எல்லா மணியும் விலையேறிய மணியாக இருந்தால் தகடுகளைத் தூக்கிவிட்டுத் தொட்டியைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை.

ஆற்றங்கரையில் ஏன் இத்தனை ஆலைகள்

இந்த மின்பகுப்பு முறை வளர்ந்ததே நீர்வீழ்ச்சிகளின் பக்கத்தில்தான். கனடாவில் கொலம்பியா ஆற்றங்கரை டிரெயில், டாஸ்மேனியாவில் டெர்வென்ட் ஆற்றங்கரை ஹோபார்ட், நார்வேயில் ஃபியோர்டு முனையில் ஒட்டா. மூன்றும் நீர்மின்சாரத்தில் ஓடுபவை. ஹோபார்ட் ஆலை 1916-இல் தொடங்கப்பட்டதே அந்தத் தீவில் மலிவான நீர்மின்சாரம் வரும் என்ற நம்பிக்கையில்தான். அதற்கு முன்னால் துத்தநாகத்தை நெருப்பால்தான் எடுத்தார்கள். 907 டிகிரியில் ஆவியாகிவிடும் உலோகம் என்பதால் அதைப் பிடிப்பது சிரமம். உதய்ப்பூருக்குத் தெற்கே ஜாவரில் கத்திரிக்காய் வடிவக் களிமண் குடுவைகளைக் கவிழ்த்துவைத்து, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிர்வித்து உலோகமாக்கினார்கள். அறுநூறு எழுநூறு வருடங்களுக்கு முன்பே ஒரு தொழிற்சாலை அளவில் அதைச் செய்தார்கள். வேலை முடிந்த குடுவைகளை அடுக்கிக் கட்டிய சுவர்களை அங்கே இன்றும் பார்க்கலாம். பூடலும் 1892-இல் தொடங்கியபோது நிலக்கரியில் ஓடிய வடிப்பு ஆலைதான். 1973-இல் மின்பகுப்புக்கு மாறியது. பக்கத்தில் அருவியும் இல்லை, மலையும் இல்லை. மின்சாரத்தை விலைக்கு வாங்கியே ஓட வேண்டிய ஆலையாக அது ஆன வருடம் அதுதான்.

தவிடும் நஞ்சும்

ஆலைகள் மூடுவது எனக்கு வருத்தம் தருகிறது என்று எழுதும்போதே, அந்த ஆறுகள் எல்லாவற்றையும் ஆலைகள் என்ன செய்தன என்பதையும் எழுதாமல் விட முடியாது. வறுக்கும்போது வரும் கந்தக வாயுவை டிரெயில் ஆலை முதலில் புகைபோக்கி வழியே வானத்தில் விட்டது. அது எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து விளைநிலங்களைக் கருக்கியது. 1938-இலும் 1941-இலும் வந்த நடுவர் தீர்ப்புகள், ஒரு நாட்டின் புகை இன்னொரு நாட்டுக்குக் கேடு செய்யக்கூடாது என்பதைச் சர்வதேசச் சட்டத்தில் பதித்தன. அதற்கு முன்பே, 1930-களின் தொடக்கத்தில், டிரெயில் அந்த வாயுவைப் பிடித்து அமிலமாக்கி, அமிலத்தை உரமாக்கி விற்கத் தொடங்கியது. இன்றைக்கு எந்த ஆலையிலும் ஒரு டன் துத்தநாகத்துக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கந்தக அமிலம் கூடவே வருகிறது. வாங்க ஆள் இருந்தால் அது வருமானம். ஆள் இல்லாவிட்டால் தொட்டி நிறைந்ததும் வறுப்பதை நிறுத்த வேண்டியதுதான். அமிலம் போகும் லாரியை எதிர்பார்த்து ஆலையே காத்திருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரும்பின் கதை இன்னும் கடினம். 1960-கள் வரை இரும்போடு பிணைந்த துத்தநாகத்தை எடுக்க நல்ல வழி இல்லை, கசடோடு போய்விடும். ஸ்பெயின், நார்வே, ஆஸ்திரேலியா மூன்று இடத்திலும் தனித்தனியாக ஒரே சமயத்தில் ஜாரோசைட் என்ற முறையைக் கண்டுபிடித்தார்கள். கசடைச் சூடான, செறிந்த அமிலத்தில் கரைத்து, இரும்பை மட்டும் மஞ்சள் சேறாகப் படியவைக்கும் முறை. மீட்பு ஒரேயடியாக 95 சதவீதத்தின் பக்கம் உயர்ந்தது. முன்னே சொன்ன 65 கிலோ உபரி இருக்கிறதே, அது ஆலைகளுக்குக் கிடைத்தது இந்த முறையால்தான். ஒப்பந்தத்தில் உள்ள 85 என்ற எண் பழைய காலத்து மீட்பளவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது, ஆலையோ அதற்கு மேல் எடுக்கக் கற்றுக்கொண்டது. அதே முறைதான் ஒரு டன் உலோகத்துக்கு அரை டன்னுக்கு மேல் ஜாரோசைட் சேற்றையும் கொண்டுவந்தது. லாபமும் சேறும் ஒரே தொட்டியில் பிறந்தவை. ஹோபார்ட் அந்தச் சேற்றை 1997 வரை கடலில் கொட்டியது. ஒட்டாவில் மலையைக் குடைந்து பாறைக் குகைகளுக்குள் அடைக்கிறார்கள். நான் அறிந்ததில் மிகப் பொறுப்பான வழி அதுதான்.

காட்மியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜப்பானின் ஜின்ஸூ ஆற்றில் கமியோகா சுரங்கமும் ஆலையும் விட்ட காட்மியம் வயலுக்குப் போய், அரிசிக்குப் போய், பெண்களின் எலும்புகளை நொறுக்கியது. வலி தாங்காமல் அவர்கள் கத்தியதே அந்த நோய்க்குப் பெயராயிற்று. ஜப்பான் அரசு அதை ஆலைக் கழிவால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது 1968-இல். இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. தென்கொரியாவில் நக்தோங் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சொக்போ ஆலை, 2019-இல் பிடிபட்ட கழிவுநீர் விதிமீறலுக்காக 2025 தொடக்கத்தில் 58 நாள் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஒரு கோடிக்கும் மேல். 58 நாள் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

ஜெர்மானியம்

செல் ஹவுஸில் நாங்கள் எதற்கும் மேலாகப் பயந்தது ஜெர்மானியத்துக்குத்தான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் சில பங்கு கரைசலில் தப்பி வந்துவிட்டால் போதும், கரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தகட்டில் உலோகம் கரையத் தொடங்கும். ஆன்டிமனியும் அப்படித்தான். லேப் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வரியைத்தான் அண்ணாச்சி முதலில் பார்ப்பார். எங்கள் வேலை அதைக் கரைசலிலிருந்து துரத்துவது. துரத்தியது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை, கசடோடு கசடாகக் கிடக்கும்.

அதே ஜெர்மானியம் கண்ணாடி இழைக் கம்பிகளுக்கும் இரவில் பார்க்கும் அகச்சிவப்புக் கருவிகளுக்கும் வேண்டும். உலகில் அதற்கு முக்கியமான மூலம் ஒன்று துத்தநாகக் கசடு, இன்னொன்று சில நிலக்கரிச் சாம்பல்கள். 2023 ஆகஸ்டிலிருந்து சீனா ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடை செய்தது. அதன் பிறகுதான் பல அரசாங்கங்கள் தங்கள் நாட்டுத் துத்தநாக ஆலைகளைத் திரும்பிப் பார்த்தன. 2025 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய மத்திய அரசும் இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து ஹோபார்ட் துத்தநாக ஆலைக்கும் போர்ட் பிரி ஈய ஆலைக்கும் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் தாங்குதொகை அறிவித்தன. ஹோபார்ட்டின் கசடு போர்ட் பிரிக்குத்தான் போகிறது, ஒன்று போனால் மற்றது தவிக்கும். ஜெர்மானியம், இண்டியம், ஆன்டிமனி எடுக்கும் திட்டங்களும் அந்த உதவியோடு வந்தன. அந்த வருட அரவைக் கூலி 80 டாலர். உடனடிச் சந்தையில் அதற்கு முன்பே அது பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது, அதாவது ஆலையே காசு கொடுத்து அரைக்கும் நிலை. அதே காலத்தில் ஜப்பானின் தோஹோ ஸிங்க் துத்தநாகம் எடுப்பதையே நிறுத்திக்கொள்கிறோம் என்று அறிவித்தது. 1937-இலிருந்து ஓடிய அன்னாகா ஆலை நின்றது. கரைசலின் சுத்தத்தை மூக்கால் முகர்ந்தே சொல்லக்கூடிய ஆட்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். ஆலை போனால் முதலில் கலைந்து போவது அவர்கள்தான், பணத்தை வைத்து அவர்களைத் திரும்பக் கூட்டுவது கடினம்.

தாங்குதொகையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கசடுக்குக் கணக்குக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. எத்தனை வருடத்துச் சேறு எங்கே கிடக்கிறது, எப்போது அள்ளப்படும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பொதுப்பணம் போக வேண்டும். குளங்களில் கிடக்கும் அந்தச் சேற்றில் இந்த அரிய உலோகங்களும் கொஞ்சம் இருக்கின்றன என்பதால் அதை அள்ளுவது வெறும் தண்டச் செலவாகவும் இருக்காது.

கூலி ஒப்பந்தத்தில் மின்சாரத்துக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் அடுத்த பிடிவாதம். முன்பெல்லாம் உலோக விலை ஏறினால் கூலியும் கொஞ்சம் ஏறும்படி ஒப்பந்தங்களில் ஒரு ஏற்பாடு இருந்தது. அதே மாதிரி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்சாரம் ஏறினால் சுமையில் ஒரு பங்கைச் சுரங்கமும் ஏற்கட்டும். சுரங்கக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போதைக்கு அது சரிதான், கான்சென்ட்ரேட் அவர்கள் கையில் இருக்கிறது, ஆலைகள் பல. ஆனால் உலகின் துத்தநாகத்தில் ஏறக்குறைய பாதியை ஏற்கெனவே சீன ஆலைகள்தான் சுத்திகரிக்கின்றன. இடையில் ஓடத் தொடங்கியிருந்த பூடல் 2024 ஜனவரியில் மறுபடி நின்று மே மாதம்தான் எழுந்தது. ஜெர்மனியின் நோர்டன்ஹாம், இத்தாலியின் போர்டோவெஸ்மெ, ஜப்பானின் அன்னாகா என்று ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்தால், அலாஸ்காவிலும் பெருவிலும் தோண்டுகிறவர்கள் தங்கள் தூளை விற்க ஒரே துறைமுகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே கூலியைச் சொல்பவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார்.